தென்பெண்ணைக்கு உலக நீரியல் மாதிரி பொருந்துமா? பெங்களூரு, ஓசூர் நண்பர்களிடம் ஒரு கேள்வி

பெண்ணைச்செல்வி | ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு

வணக்கம். எனக்கு மென்பொருள் வேலை. சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம். ஓசூர் அருகே தென்பெண்ணையில் உள்ள கெலவரப்பள்ளி அணைக்கு நாளை எவ்வளவு தண்ணீர் வரும், மூன்று நாள் கழித்து எவ்வளவு வரும் என்று ஊரில் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல ஒரு வழி செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் திட்டத்தில் உள்ள குளோஃபாஸ் என்ற வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு உலகம் முழுவதும் உள்ள ஆறுகளுக்கு ஓட்டத்தைக் கணித்து இலவசமாகத் தருகிறது. உள்ளே ஓடுவது லிஸ்ஃப்ளட் என்ற கணினி மாதிரி. அது நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. நான்காம் பதிப்பில் கட்டம் 0.05 பாகை, அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர். அணைக்கு மேலே உள்ள கட்டத்தை எடுத்துப் பார்த்தால் கோடையில் ஆறு ஏறக்குறைய வறண்டு கிடப்பதாகச் சொல்கிறது. நேரில் போனால் நுரையோடு ஓடிக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் வேறு விதத்தில் பொருந்தவில்லை: வெள்ளம் வந்த நாளும் மாதிரி சொல்லும் நாளும் ஒன்றாக இல்லை.

இன்னும் சின்னக் கட்டமுள்ள மாதிரிக்குப் போக வேண்டுமா? அல்லது வரும் எண்ணை ஒரு காரணியால் பெருக்கிச் சரிசெய்தால் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நரம்புவலை

பெருக்கல் காரணி வேண்டாம். நேராக எல்எஸ்டிஎம் (காலத்தொடர் தரவிலிருந்து தானே கற்கும் நரம்புவலை) போங்கள். கூகுள் குழு 2024இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரையைப் படித்திருப்பீர்கள். அளவீடே இல்லாத ஆறுகளில்கூட அவர்களுடைய ஐந்து நாள் முன்கணிப்பு, குளோஃபாஸ் அன்றன்றைக்குச் சொல்வதற்கு இணையாக நிற்கிறது. மாதிரியைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது பழைய காலம்.

ராஜகால்வாய் | பெங்களூரு

செல்வி, நீரியல்தான் என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கட்டத்தின் அளவு ஒரு பிரச்சினைதான், ஆனால் உங்கள் பிரச்சினையில் அது சின்னப் பங்கு. கெலவரப்பள்ளிக்கு மேலே நீர்ப்பிடிப்பு ஏறத்தாழ 2,400 சதுர கிலோமீட்டர். அரைப் பாகைக் கட்டத்தில் ஓடும் பழைய உலக மாதிரிகளில் ஒரே கட்டம் சுமார் 3,000 சதுர கிலோமீட்டர். உங்கள் ஆறு மொத்தமும் அதற்குள் காணாமல் போய்விடும். குளோஃபாஸ் நான்கில் ஒரு கட்டம் சுமார் 30 சதுர கிலோமீட்டர், அதாவது எண்பது கட்டங்கள் கிடைக்கின்றன. ஓரளவு வேலை செய்யலாம்.

ஆனால் முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். அணையின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து அதன்மேல் விழும் கட்டத்தை எடுத்தீர்களா? மாதிரிக்குள் இருக்கும் ஆறு நிஜ ஆற்றின் மேலேயே ஓடாது. ஒவ்வொரு கட்டமும் சுற்றியுள்ள எட்டில் ஒன்றுக்குத்தான் தண்ணீரைக் கொடுக்கும். அதனால் உங்கள் அணையின் தண்ணீர் பக்கத்துக் கட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம், நீங்கள் எடுத்தது ஏதோ ஒரு ஓடையின் கட்டமாக இருக்கலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே எத்தனை சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு என்று காட்டும் கோப்பு ஒன்றும் குளோஃபாஸோடு தருகிறார்கள். அதைத் திறந்து, அணையைச் சுற்றியுள்ள கட்டங்களில் எது 2,400க்குப் பக்கத்தில் காட்டுகிறது என்று பாருங்கள். எந்தக் கட்டமுமே அந்த எண்ணுக்கு அருகில் வரவில்லை என்றால், மாதிரியின் ஆற்றுவலையே அங்கே தவறாக இருக்கிறது. பெங்களூரு பக்கத்தில் இது நடக்கக்கூடியதுதான். நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. மேற்கே விழும் மழை விருஷபாவதி வழியாக அர்காவதிக்கும் பிறகு காவிரிக்கும் போகிறது. கிழக்கே விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்கு. ஒரே கட்டத்துக்குள் இரண்டு சரிவும் இருந்தால் மாதிரி அதை யாராவது ஒருவருக்குத்தான் கொடுக்கும். ஹைட்ரோஷெட்ஸ், மெரிட் ஹைட்ரோ போன்ற 90 மீட்டர் அளவிலான உயரத் தரவை வைத்து எல்லையை நீங்களே வரைந்து ஒப்பிடுங்கள்.

இது சரியான பிறகு மற்றதைப் பேசுவோம்.

பெண்ணைச்செல்வி

நன்றி சார். பார்த்துவிட்டேன். அணையின் மேல் விழும் கட்டம் ஒரு கிளை ஓடையுடையது. அதற்குத் தெற்கே உள்ள கட்டத்தில்தான் பெரிய நீர்ப்பிடிப்பு வருகிறது, 2,400க்கு மிக அருகில். அதை எடுத்ததும் மழைக்கால எண்கள் நம்பும்படியாக வருகின்றன. கோடை மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

ஓசூர்க்காரன்

அக்கா, கோடையில் தண்ணீர் நிற்கவே நிற்காது. எங்கள் நிலம் கெலவரப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில்தான் இருக்கிறது. மழையே பெய்யாத மாதத்திலும் ஷட்டரைத் திறந்தால் வீட்டுயரத்துக்கு நுரை நிற்கும், நாற்றத்தில் நிற்க முடியாது. அந்தத் தண்ணீரில்தான் தக்காளியும் கீரையும் விளைகிறது, அது திரும்பவும் பெங்களூரு சந்தைக்குத்தான் போகிறது. இது யார் வீட்டுத் தண்ணீர் என்று உங்கள் மாதிரியில் எங்கேயாவது இருக்கிறதா? எவ்வளவு வரும் என்பதைவிட அதில் எத்தனை பங்கு சாக்கடை என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

ராஜகால்வாய்

தம்பி கேட்டதுதான் இந்த இழையின் மையக் கேள்வி.

அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி தென்பெண்ணைப் படுகையில் பெய்த மழையே இல்லை. குடகில் பெய்த மழை அது. காவிரியில் வந்து, தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம், சுமார் 500 மீட்டர் உயரம் பம்ப் செய்யப்பட்டு பெங்களூரு வீடுகளுக்கு வருகிறது. முதல் நான்கு கட்டத் திட்டங்களில் நாளுக்குச் சுமார் 145 கோடி லிட்டர். 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டம் இன்னும் 77.5 கோடி லிட்டர்.

இதைக் கன அடியில் மாற்றிப் பாருங்கள். 145 கோடி லிட்டர் என்றால் நொடிக்குச் சுமார் 590 கன அடி. ஐந்தாம் கட்டமும் முழு அளவில் ஓடினால் 900ஐத் தாண்டும். வீட்டுக்கு வரும் தண்ணீரில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. அப்படியானால் வருடம் முழுக்க, இரவு பகலாக, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பல நூறு கன அடி இந்த மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இதற்கு மேல். ஒரு பகுதி விருஷபாவதிப் பக்கம் போகிறது. கோரமங்கலா - சல்லகட்டா, ஹெப்பாள் பள்ளத்தாக்குகளில் இறங்குவது தென்பெண்ணைக்கு வருகிறது.

உலக மாதிரி மழை, ஆவியாதல், மண் ஈரம், நிலத்தடி நீர் என்று தன் கணக்கை நேர்மையாகத்தான் போடுகிறது. ஒரு படுகையில் பெய்த மழை அதே படுகையில்தான் இருக்கும் என்பது அதன் அடிப்படை. வீட்டுப் பயன்பாட்டுக்கு ஆற்றிலிருந்து எடுப்பதைக்கூட லிஸ்ஃப்ளட் கணக்கில் வைத்திருக்கிறது. ஆனால் பக்கத்துப் படுகையிலிருந்து குழாயில் வந்து இங்கே சாக்கடையாக வெளியேறும் தண்ணீர் அதற்குத் தெரியவே தெரியாது. கட்டத்தை ஐந்து கிலோமீட்டரிலிருந்து ஐம்பது மீட்டராகக் குறைத்தாலும் தெரியாது. அதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எனக்குக் கவலை தருவது இதன் அடுத்த படி. பலர் என்ன செய்கிறார்கள்? அணைக்கு வந்த நீரின் பதிவை வைத்து மாதிரியை அளவுத்திருத்தம் செய்கிறார்கள். கோடையில் ஓட்டம் குறைவாக வருகிறதே என்று கணினி, நிலத்தடி நீர் மெதுவாகக் கசிந்து ஆற்றுக்கு வருவதாக அளவுருக்களை நகர்த்திவிடும். எண் பொருந்திவிடும், மதிப்பெண்ணும் அழகாக வரும். ஆனால் சாக்கடையை ஊற்றுநீர் என்று மாதிரி கற்றுக்கொண்டிருக்கும். மழை பொய்க்கும் வருடத்தில் அந்த மாதிரி 'ஊற்று வற்றிவிட்டது' என்று சொல்லும். நிஜத்தில் சாக்கடை குறையாது. நல்ல மழை வருடத்தில் கோடை ஓட்டம் கூடும் என்று சொல்லும்; நிஜத்தில் கூடாது. தம்பி ஓசூரில் நின்று கேட்கிற கேள்விக்கு அந்த மாதிரி எப்போதும் தவறான பதிலைத்தான் தரும்.

நிஜத்தில் இந்தப் பக்கத்து ஊற்றுகள் வற்றி வெகுகாலம் ஆகிறது. கடினப் பாறை நிலம், ஆயிரம் அடிக்கும் கீழே போகும் ஆழ்துளைக் கிணறுகள். நிலத்தடி நீர்மட்டம் ஆற்றின் படுகைக்கு வெகு கீழே இருக்கும்போது ஆற்றுக்குக் கசிய எதுவும் இல்லை. பக்கத்து அர்காவதி ஏன் வற்றியது என்று பெங்களூருவின் ஏட்ரீ நிறுவன ஆய்வாளர்கள் 2015இல் எழுதினார்கள். மழை மாறியதாலோ வெப்பம் கூடியதாலோ அல்ல, நிலத்தடி நீரை உறிஞ்சியதும் தைல மரத் தோப்புகளுமே முக்கியக் காரணமாகத் தெரிகின்றன என்பது அவர்கள் வந்தடைந்த இடம். மண்ணும் பாறையும் அதேதான், எனவே தென்பெண்ணையின் மேல்பகுதிக்கும் இந்தச் சந்தேகத்தோடுதான் போக வேண்டும்.

அதனால் என் பரிந்துரை: கழிவுநீரை மழைக்கணக்கில் கலக்காதீர்கள். தனி வரவாக, அந்தப் பள்ளத்தாக்குகள் ஆற்றில் சேரும் கட்டத்தில் ஊற்றுங்கள். நிலத்தடி அளவுருக்களை அந்த வரவைச் சேர்த்த பிறகே திருத்துங்கள். அப்போதுதான் 'இன்றைக்கு வருவதில் எத்தனை பங்கு சாக்கடை' என்ற கேள்விக்கும் மாதிரியால் பதில் சொல்ல முடியும்.

நரம்புவலை

நல்ல விளக்கம், ஏற்கிறேன். ஆனால் எல்எஸ்டிஎம்முக்கு இந்த வரவு எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டியதே இல்லையே? உள்ளீட்டையும் வெளியீட்டையும் காட்டினால் தானே கற்றுக்கொள்ளும். தீபகற்ப இந்தியாவின் 472 நீர்ப்பிடிப்புகளுக்கு கேமல்ஸ்-இண்டியா தரவுத்தொகுப்பு வந்துவிட்டது. அதில் பயிற்சி கொடுத்துவிட்டு இந்த ஆற்றுக்கு நுணுக்கமாகச் சரிசெய்யலாம்.

ராஜகால்வாய்

கற்றுக்கொள்ளும், அந்த வரவு மாறாமல் இருந்தால். ஆனால் இங்கே அது மாறிக்கொண்டே இருக்கிறது. 2018இலிருந்து கோரமங்கலா - சல்லகட்டா பள்ளத்தாக்கின் சுத்திகரித்த நீர் கோலார் மாவட்ட ஏரிகளுக்குப் பம்ப் செய்யப்படுகிறது. திட்டத்தின் முழு அளவு நாளுக்கு 44 கோடி லிட்டர். கன அடியில் சுமார் 180. அவ்வளவு தண்ணீரின் பாதையை ஒரு பம்ப் நிலையத்தின் சுவிட்ச் தீர்மானிக்கிறது. 2017 வரை பயிற்சி பெற்ற வலைக்கு 2019 வேறு ஆறு. 2024க்குப் பிறகு ஐந்தாம் கட்டக் காவிரி நீர் வந்தது, அது மூன்றாவது ஆறு. மழையை மட்டும் பார்க்கும் எந்த மாதிரிக்கும், அது இயற்பியலானாலும் நரம்புவலையானாலும், இது புரியாது.

பம்ப் செய்த அளவையும் குடிநீர் வழங்கிய அளவையும் உள்ளீடாகக் கொடுத்தால் உங்கள் எல்எஸ்டிஎம் நன்றாகவே வேலை செய்யும் என்று நம்புகிறேன். வெள்ள நாட்களுக்கு நானே அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். பிரச்சினை மாதிரியின் வகையில் இல்லை, நாம் அதற்கு எதைக் காட்டுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

பழைய மதகு | ஓய்வுபெற்ற நீர்வளப் பொறியாளர், தற்போது பெங்களூரு

பிள்ளைகள் பேசுவதைப் படிக்க நிறைவாக இருக்கிறது. என் பங்குக்கு இரண்டு விஷயம்.

ஒன்று, ஏரிகள். கோலார், பெங்களூரு ஊரகம், ஓசூர் எல்லாம் சங்கிலி ஏரி நாடு. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். ஜூனில் பெய்கிற மழை ஏரிகளின் வயிற்றுக்குள் போய்விடும், ஆற்றில் ஒன்றும் தெரியாது. அதே அளவு மழை அக்டோபரில் பெய்தால் ஏரிகள் ஏற்கெனவே நிறைந்திருக்கும், எல்லாக் கலங்கலும் ஒன்றாக வழியும், அணைக்கு ஒரே இரவில் வந்து சேரும். உலக மாதிரிகள் பெரிய அணைகளின் பட்டியலைத்தான் வைத்திருக்கின்றன. பரவலாகப் பயன்படும் கிராண்ட் பட்டியல் முக்கியமாகக் குறிவைப்பது 10 கோடி கன மீட்டருக்கு (சுமார் 3.5 டிஎம்சி) மேற்பட்ட நீர்த்தேக்கங்களை. தென்பெண்ணையில் அந்த அளவைத் தாண்டுவது 7.32 டிஎம்சி சாத்தனூர். கிருஷ்ணகிரி அணை 1.67 டிஎம்சி, கெலவரப்பள்ளி அரை டிஎம்சிகூட இல்லை. நூற்றுக்கணக்கான ஏரிகளை அந்தப் பட்டியலில் தேடவே வேண்டாம். எல்லா ஏரிகளையும் தனித்தனியாக மாதிரியில் வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஒவ்வொரு துணைப் படுகைக்கும் ஒரு மொத்த ஏரியாக வையுங்கள்: இவ்வளவு நிரம்பும் வரை பிடிக்கும், பிறகு விடும். ஏரிகளின் நீர்ப்பரப்பைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, பருவத்தின் தொடக்கத்தில் அந்த மொத்த ஏரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கொடுக்கலாம்.

இரண்டாவது, ஷட்டர். அணைக்குக் கீழே ஓடுவது இயற்கை ஓட்டம் அல்ல, அணையில் இருப்பவர் எடுத்த முடிவு. 2024 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை சாத்தனூரில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். ஃபெஞ்சல் புயல் மழை, ஊத்தங்கரையில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். கீழே திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் எத்தனை பேர் வீடு வாசலை இழந்தார்கள். அன்று கீழே இருந்தவர்களுக்குத் தேவைப்பட்டது இன்னும் சில மணி நேர முன்னறிவிப்பு. அதனால் செல்வி அம்மா, கெலவரப்பள்ளியோடு நிற்காதீர்கள். உங்கள் கணிப்பு அணைக்கு வரும் நீரைச் சொல்லட்டும். அணையிலிருந்து வெளியேறும் நீரை, நீர்மட்டமும் விதிமுறையும் வைத்துத் தனியாகக் கணக்கிடுங்கள். இரண்டையும் ஒரே எண்ணாகக் கலந்து சரிசெய்தால் யாருக்கும் பயன்படாது.

பெண்ணைச்செல்வி

ஐயா, சாத்தனூர் வரை கொண்டுபோவதாகவே வைத்துக்கொள்கிறேன்.

மழையைப் பற்றிக் கேட்க வேண்டும். வெள்ளம் வந்த நாளும் மாதிரி சொல்லும் நாளும் ஒன்றாக இல்லை என்று முதலில் எழுதியிருந்தேன் அல்லவா? அது இன்னும் சரியாகவில்லை. மாதிரிக்குப் போகும் ஈராஃபைவ் (ஐரோப்பிய வானிலை மையம் கடந்தகால வானிலையைக் கணினியில் மறுபடி கணித்துத் தரும் தரவு) மழைக்குப் பதில் இந்திய வானிலைத் துறையின் 0.25 பாகைக் கட்ட மழையைப் போட்டுப் பார்த்தேன். அளவு சரியாகிறது, ஆனால் உச்சம் இப்போது வேறு நாளுக்கு நகர்கிறது. எதை நம்புவது?

ராஜகால்வாய்

இரண்டிலும் 'நாள்' என்பது ஒன்றல்ல. வானிலைத் துறையின் நாள் காலை 8.30இலிருந்து மறுநாள் காலை 8.30 வரை, முடியும் நாளின் தேதியில் பதிவாகும். ஈராஃபைவை உலக நேரப்படி நாளாகக் கூட்டினால் நம் நேரத்தில் காலை 5.30க்குத் தொடங்கும், தொடங்கும் நாளின் தேதி விழும். பெங்களூருவில் பெரிய மழை மாலையும் இரவும்தான். 2022 செப்டம்பர் 4 இரவு கொட்டியதே, வெளிவட்டச் சாலை மூழ்கிய மழை, அது வானிலைத் துறைக் கணக்கில் செப்டம்பர் 5, 130 மில்லிமீட்டருக்கு மேல். ஈராஃபைவில் அந்த நேரம் செப்டம்பர் 4க்குள் விழும். அதனால் ஈராஃபைவை மணிவாரியாக இறக்கி, காலை 8.30ஐ ஒட்டி நீங்களே கூட்டுங்கள். அதன் மணிக்கணக்கு முழு மணியில்தான் வரும், அரை மணி வித்தியாசத்தை விட்டுவிடலாம்.

அளவைப் பற்றியும் ஒன்று. ஈராஃபைவ் கட்டம் 31 கிலோமீட்டர். நம் இடிமழை பத்துக் கிலோமீட்டர் அகலத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும்; பெரிய கட்டத்தில் அது பரவலான தூறலாகிவிடும். தூறலை மண் குடித்துவிடும், ஓட்டம் வராது. உங்கள் நீர்ப்பிடிப்பு முழுவதிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் ஒரு நாளில் ஓடினால் சுமார் 980 கன அடி. மழையில் சில மில்லிமீட்டர் பிழை என்றால் எத்தனை ஆயிரம் கன அடி என்று பார்த்துக்கொள்ளுங்கள். கர்நாடகப் பகுதிக்கு மாநிலப் பேரிடர் கண்காணிப்பு மையத்தின் தானியங்கி மழைமானிகள் ஹோப்ளி (தாலுகாவின் உட்பிரிவு) அளவு வரை இருக்கின்றன. கிடைக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்துங்கள்.

சதமான வரிசையை வைத்து மாதிரி எண்ணை நிஜ எண்ணுக்கு மாற்றும் திருத்தம் பற்றி யாராவது சொல்வார்கள். அது நல்ல கருவி, கடைசியில் போட வேண்டியது. அது ஓட்டத்தின் அளவைச் சரிசெய்யும், நேரத்தைச் சரிசெய்யாது. பழைய பதிவில் இல்லாத வெள்ளம் வந்தால் அதற்கு வழி தெரியாது. இன்னொன்று, ஈராஃபைவ் மழையில் கற்ற திருத்தத்தை முன்கணிப்பு மழையின்மேல் அப்படியே வைக்கக்கூடாது, இரண்டின் சாய்வும் (ஒரே பக்கமாக விலகும் பிழை) வேறு. முன்கணிப்பு 51 உறுப்பினர்களாக, அதாவது ஒரே காலத்துக்கு 51 மாற்றுக் கணிப்புகளாக வருகிறது. சராசரியை மட்டும் எடுக்காமல், எத்தனை உறுப்பினர்கள் ஆபத்து அளவைத் தாண்டுகிறார்கள் என்று ஊருக்குச் சொல்லுங்கள்.

மதிப்பெண்ணுக்கு 2009இல் குப்தா குழு கொண்டுவந்த கேஜிஇ (கிளிங்-குப்தா திறன்; முழுப் பொருத்தம் என்றால் 1) வையுங்கள். தொடர்பு, ஏற்ற இறக்கம், சராசரிச் சாய்வு மூன்றையும் பிரித்துக் காட்டும் என்பதால் எது கெட்டிருக்கிறது என்று தெரியும். வெறும் சராசரி ஓட்டத்தையே கணிப்பாகச் சொன்னால்கூட அதில் மைனஸ் 0.41 வரும், எனவே பூஜ்யத்துக்குக் கீழே என்றாலே தோல்வி என்று பயப்பட வேண்டாம். டிசம்பர் முதல் மே வரை தனியாகவும் மழைக்காலத்தைத் தனியாகவும் கணக்கிடுங்கள். ஒன்றாகப் போட்டால் வெள்ளம் கோடையை மறைத்துவிடும்.

ஓசூர்க்காரன்

ஒப்பிட நிஜ அளவு வேண்டுமே. அணையின் தினசரி நீர்வரத்து எங்களுக்குச் செய்தியில் வந்துவிடும். அதை எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பவா அக்கா?

பழைய மதகு

அனுப்புங்கள் தம்பி, ஆனால் அது எப்படி வருகிறது என்று செல்வி அம்மா தெரிந்துகொள்ள வேண்டும். நீர்வரத்தை யாரும் நேராக அளப்பதில்லை. நேற்றைய நீர்மட்டம், இன்றைய நீர்மட்டம், இடையில் திறந்துவிட்டது, இவற்றை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடுவதுதான். நீர்ப்பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர் இருந்தால், அளவுகோலைப் பார்ப்பதில் ஒரு சென்டிமீட்டர் பிசகினாலே அன்றைய சராசரி நீர்வரத்தில் விநாடிக்கு 4 கன அடி பிழை வரும். காற்றடிக்கும் நாளில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அலை சாதாரணம். ஆவியாதலைச் சிலர் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள். வெள்ளத்தில் இதெல்லாம் பெரிதில்லை. கோடையில் வாரச் சராசரியாக எடுத்துக்கொள்ளுங்கள். கீழே மத்திய நீர்வள ஆணையத்தின் கும்மனூர், வாழவச்சனூர் நிலையப் பதிவுகளை இந்தியா-விரிஸ் தளத்தில் பார்க்கலாம், அவை ஆற்றிலேயே அளந்தவை.

பெண்ணைச்செல்வி

தம்பி, அனுப்புங்கள். தேதியோடு, ஷட்டர் திறந்த அளவும் இருந்தால் சேர்த்து. முதலில் கோடை மாதங்களை எடுத்துக்கொண்டு கழிவுநீர் வரவை மட்டும் தனியாக மதிப்பிடப் போகிறேன். நரம்புவலை, மழைக்கால எல்எஸ்டிஎம்மை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா? நீர்ப்பிடிப்பு எல்லைக் கோப்பை இன்றிரவு பதிவேற்றுகிறேன்.

நரம்புவலை

எடுத்துக்கொள்கிறேன். பம்ப் செய்த அளவு மாதவாரியாகக் கிடைத்தால்கூடப் போதும், உள்ளீட்டில் சேர்த்துவிடுகிறேன்.

ஓசூர்க்காரன்

ஷட்டர் அளவு எல்லா நாளுக்கும் இல்லை, இருக்கிற நாளுக்குக் குறித்து அனுப்புகிறேன். நுரை அதிகமாக வந்த தேதிகளையும் தனியாக எழுதி வைத்திருக்கிறேன், அதையும் சேர்க்கிறேன்.